குடை விரிந்த பிறகு

சுகோய்-24 விமானத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். இடப்பக்கம் விமானி, வலப்பக்கம் நேவிகேட்டர். இருவர் ஓட்டும் பல போர்விமானங்களில் பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும். இதில் அப்படியில்லை, பேருந்தின் இருவர் சீட் மாதிரி. தலையைத் திருப்பினால் பக்கத்து ஆளின் முகம். இருவருக்கும் காலிடுக்கில் ஆளுக்கொரு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் தலைக்கு மேலே மூடி பறந்துபோகும், இருக்கையின் அடியில் ராக்கெட் வெடிக்கும், ஆளோடு சேர்த்து இருக்கை வெளியே எறியப்படும். பிறகு இருக்கை கழன்று விழ, குடை விரியும். எல்லாமே சில வினாடி வேலை.

அந்தச் சில வினாடிக்குள் சட்டத்தின் கண்ணில் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாவது நெறிமுறையின் 42ஆவது பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது: ஆபத்தில் சிக்கிய விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தவரை, அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது தாக்கக் கூடாது. எதிரியின் மண்ணில் கால் பட்டால், சரணடைய அவருக்கு அவகாசம் கொடுத்தாக வேண்டும். படையாக வந்து குதிக்கும் பாராசூட் வீரர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. கைப்பிடியை இழுக்கும்வரை குண்டு போடுகிறவர். குடை விரிந்த பிறகு கயிற்றில் தொங்கும் ஒரு மனிதர்.

2015 நவம்பர் 24. சிரியாவின் லடாக்கியா மாகாணத்தின் வடக்கு முனை, துருக்கி எல்லையை ஒட்டிய மலைகள். ரஷ்ய சுகோய்-24 ஒன்றைத் துருக்கியின் எஃப்-16 சுட்டு வீழ்த்தியது. ஐந்து நிமிடத்தில் பத்து முறை எச்சரித்தோம், கேட்கவில்லை, 17 வினாடி எங்கள் வான்வெளிக்குள் இருந்தது என்றது துருக்கி. எங்கள் விமானம் சிரியாவை விட்டு வெளியே போகவே இல்லை என்றது ரஷ்யா. விமானத்தில் இருந்த இருவரும் கைப்பிடியை இழுத்தார்கள். இரண்டு குடைகளும் விரிந்தன. கீழே மலையில் இருந்த துருக்மன் ஆயுதக் குழுவினர் மேல்நோக்கிச் சுட்டார்கள். விமானி லெப்டினென்ட் கர்னல் ஒலெக் பெஷ்கோவ் உயிரோடு தரையைத் தொடவில்லை. வயது 45. நேவிகேட்டர் கான்ஸ்டன்டின் முராஹ்தின் இறங்கி, மலைக்காட்டுக்குள் ஒளிந்து, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் கழித்து மீட்கப்பட்டார். அவர்களைத் தேடிப் போன ஹெலிகாப்டர் அடிபட்டதில் அலெக்சாண்டர் போஸினிச் என்ற கடற்படை வீரர் இறந்தார்.

ஆறு வருடம் கழித்து, 2021 நவம்பர் 18 அன்று, இந்தச் சம்பவம் ரஷ்யத் திரையரங்குகளில் படமாக வந்தது. இகோர் கோபிலோவ் இயக்கியது. பெயர் 'நெபோ', வானம். சமஸ்கிருத 'நபஸ்'ஸுக்கு உடன்பிறப்பான சொல். நம்முடைய 'நபோமண்டலம்' வரைக்கும் வந்து சேர்ந்திருக்கும் அதே வேர். தெரிந்ததும் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, கட்டுரைக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

பயன் உள்ளது வேறு பெயர்களில் இருக்கிறது. படத்தில் விமானி ஒலெக் சோஷ்னிகோவ். நேவிகேட்டர் கான்ஸ்டன்டின் முராவ்யோவ். ஒலெக் ஒலெக்காகவே இருக்கிறார், கான்ஸ்டன்டின் கான்ஸ்டன்டினாகவே இருக்கிறார். குடும்பப் பெயரை மட்டும் தயாரிப்பாளர்கள் மாற்றிவிட்டார்கள். ரஷ்ய எழுத்தில் முராஹ்தினுக்கும் முராவ்யோவுக்கும் முதல் நாலு எழுத்துகூட ஒன்றுதான். பார்க்கிறவருக்கு யார் என்று தெரிந்தே ஆக வேண்டும், தெரிந்ததாகச் சொல்லவும் கூடாது.

இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. என் வயதில் தமிழில் படிக்க ஆரம்பித்த பலருக்கும் தெரிந்த வித்தைதான். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வேன் ஊருக்கு வந்து நிற்கும். பாடப்புத்தகத்தைவிட மலிவான விலையில், கெட்டி அட்டையும் ஒரு தனி மை வாசனையுமாக மாஸ்கோ புத்தகங்கள் அடுக்கியிருக்கும். அதில் ஒன்று பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை', பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்பில். 1942 ஏப்ரலில் சுட்டு வீழ்த்தப்பட்டு, பனிக்காட்டில் பதினெட்டு நாள் தவழ்ந்து வந்து, இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டு, பொய்க்கால்களோடு மறுபடி போர்விமானம் ஓட்டிய அலெக்ஸெய் மரேஸ்யெவின் கதை. புத்தகத்தில் அவர் பெயர் மெரேஸ்யெவ். 'ம' 'மெ' ஆனதோடு சரி. சின்ன வயதில் நான் அதை அச்சுப்பிழை என்று நினைத்தேன். ஒரு மனிதனைக் கதாபாத்திரமாக்க எவ்வளவு மாற்றினால் போதும் என்று பொலெவோய் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: ஓர் எழுத்து.

மரேஸ்யெவுக்கு அந்த ஓர் எழுத்தோடு அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு வாழ வேண்டியிருந்தது. 1946இல் நாவல், 1948இல் படம். உயிரோடு இருக்கிற ஆள், தன்னைப் போலவே இருக்கிற ஒருவனைப் பற்றிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கேள்வி கேட்கப்பட்டு வாழ்ந்தார். 2001 மே மாதம், அவருடைய 85ஆவது பிறந்தநாள் விழா தொடங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும்போது இறந்துபோனார். பெஷ்கோவுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இறந்தவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, நான் அப்படிப் பேசவில்லையே என்று சொல்லமாட்டார்.

'நெபோ'வில் விமானியாக நடித்த இகோர் பெத்ரென்கோவின் முகம் ரஷ்யப் படம் பார்ப்பவர்களுக்குப் பழக்கமானது. 2002இல் வந்த 'ஸ்வெஸ்தா'வில் எதிரியின் எல்லைக்குள் போய்த் திரும்பாத உளவுக்குழுவின் லெப்டினென்ட் திராவ்கின் அவர்தான். பத்தொன்பது வருட இடைவெளியில் தாய்நாட்டுக்காகத் திரையில் இரண்டு முறை இறந்திருக்கிறார். முதல் சாவில் முகத்தில் மீசை முளைக்காத ஒரு திகைப்பு இருந்தது. இரண்டாவதில் அது இல்லை. கடமை தெரிந்த, குடும்பம் உள்ள, நிதானமான மனிதரின் முகம். அது நடிகரின் குற்றமில்லை. சாவு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். படம் தொடங்கும்போதே அவரைச் சுற்றி ஒரு வெளிச்சம் போட்டாகிவிட்டது. அவர் டீ குடித்தாலும் அது கடைசி டீ. வீட்டுக்கு போன் பேசினாலும் அது கடைசி போன். இப்படி ஒவ்வொன்றிலும் கடைசித்தன்மை ஏறிப்போனால் மனிதன் தளர்ந்து உட்கார இடமே இருப்பதில்லை.

எதிரி விஷயத்தில் இந்தப் படத்துக்கு ஒரு விசித்திரமான நெருக்கடி இருந்திருக்க வேண்டும். சம்பவம் நடந்தபோது விளாதிமிர் புதின் அதை முதுகில் குத்தியது என்றார். துருக்கித் தக்காளிக்குத் தடை வந்தது, சுற்றுலா விமானங்கள் நின்றன. 2016 ஜூனில் துருக்கி அதிபர் எர்தோவான் புதினுக்குக் கடிதம் எழுதினார், அதை மன்னிப்பு என்று மாஸ்கோ எடுத்துக்கொண்டது. ஜூலையில் துருக்கியில் ராணுவப் புரட்சி முயற்சி தோற்றது. அதற்குப் பிறகு, ரஷ்ய விமானத்தைச் சுட்ட விமானிகளே புரட்சிக்காரர்களோடு காவலில் இருப்பதாகத் துருக்கி சொன்னது. தக்காளி திரும்பி வந்தது. 2019 ஜூலையில் ரஷ்யாவின் எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகள் துருக்கியில் போய் இறங்கின. விமானத்தைச் சுட்ட நாட்டுக்கே, விமானத்தைச் சுடும் கருவியை விற்றாகிவிட்டது. படம் திரைக்கு வரும் வேளையில் யாரைப் பார்த்துக் கோபப்படுவது? வில்லன் நண்பனாகிவிட்டால் தேசபக்திப் படத்துக்கு மிச்சம் இருப்பது விதி. விதியைப் பற்றி ஆழமாக யோசிக்கிற படமாக இது ஆகியிருக்கலாம். ஆகவில்லை.

அந்த நாட்களில் உண்மையில் நடந்த ஒன்று என்னைப் படத்தைவிட அதிகம் தொந்தரவு செய்கிறது. பெஷ்கோவின் உடல் எல்லை தாண்டி முதலில் துருக்கியின் ஹதாய் மாகாணத்துக்குத்தான் வந்தது. அங்கே ஆர்த்தடாக்ஸ் பாதிரியார் ஒருவரை வைத்து, கிறிஸ்தவ முறைப்படி சடங்கு செய்தார்கள். பிறகு அங்காராவுக்குக் கொண்டுபோய், விமான நிலையத்தில் துருக்கி வீரர்கள் மரியாதையோடு நிற்க, நவம்பர் 30 அன்று ரஷ்யர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் விமானத்தைச் சுட்ட நாடு, அதே ஆளின் பெட்டிக்கு விறைப்பாக சல்யூட் வைக்கிறது. பெட்டியைத் தூக்கிய பையன்களில் எத்தனை பேருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும்? ஒரு நல்ல இயக்குநர் படத்தையே அங்கிருந்து தொடங்கியிருப்பார்.

பெட்டி வந்து இறங்கிய மாஸ்கோ அருகிலுள்ள ராணுவ விமான நிலையத்தின் பெயர் ச்கலோவ்ஸ்கி. அடக்கம் நடந்தது லிபெட்ஸ்க் நகரில், டிசம்பர் 2 அன்று. அங்கே பெஷ்கோவ் வேலை பார்த்த விமானப்படைப் பயிற்சி மையத்துக்கும் ச்கலோவின் பெயர்தான். வலேரி ச்கலோவ் 1937இல் மாஸ்கோவிலிருந்து வடதுருவத்துக்கு மேலாகப் பறந்து அமெரிக்காவின் வான்கூவரில் இறங்கியவர். 1938 டிசம்பரில் ஐ-180 என்ற புது விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்து செத்தார். இரண்டரை வருடத்தில், 1941இல், மிகாயில் கலடோசோவ் அவரைப் பற்றிப் படம் எடுத்துவிட்டார். லெனின்கிராடின் பாலத்துக்கு அடியில் விமானத்தை ஓட்டிக்கொண்டு போகும் காட்சி அதில்தான். ச்கலோவ் நிஜமாகவே அப்படிச் செய்தாரா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. படத்துக்காக ஒரு விமானி நிஜமாகவே ஓட்டிக் காட்டினார், அதில் சண்டை இல்லை.

செத்த விமானி சோவியத் நாட்டில் முதலில் படமானார், பிறகு ஊரானார். ஒரென்பர்க் நகரத்துக்கு 1938 முதல் 1957 வரை ச்கலோவ் என்று பெயர். அந்தப் பெயர் இருந்த கடைசி வருடங்களில் அந்த ஊர் விமானப் பள்ளியில் படித்து வெளியே வந்த ஒருவர் யூரி ககாரின். 1968இல் அவரும் பயிற்சி விமானம் விழுந்து இறந்தார், உடனே க்ஷாட்ஸ்க் என்ற ஊர் ககாரின் ஆனது. ஊரிலிருந்து ஆள், ஆளிலிருந்து ஊர். பால்வாடிப் பிள்ளைகள் சுற்றிவரும் விளையாட்டு மாதிரி இருக்கிறது.

சில சமயம் ஆளே மாறிப்போவதும் உண்டு. நிகொலாய் கஸ்டெல்லோ என்ற பெயரைச் சொன்னால் சோவியத் பள்ளியில் படித்த எவரும் அடுத்த வாக்கியத்தைச் சொல்வார்: 1941 ஜூன் 26, தீப்பிடித்த விமானத்தை ஜெர்மன் வாகன அணிமீதே கொண்டுபோய் மோதியவர். 1951இல் அவருடைய மிச்சங்களை எடுத்து மரியாதையாக வைக்கலாம் என்று பெலாருஸ் கிராமத்தில் கல்லறையைத் தோண்டினார்கள். கிடைத்தவை கேப்டன் மாஸ்லோவ் என்ற இன்னொரு விமானியின் குழுவினுடைய உடைமைகள். நினைவுச்சின்னம் கஸ்டெல்லோவுக்கே எழும்பியது. மாஸ்லோவின் ஆட்கள் ஊர் இடுகாட்டுக்குப் போனார்கள். மாஸ்லோவ் குழுவுக்கு வீரப் பட்டம் கிடைக்க 1996 வரை ஆனது. இருவரில் யார் எதன்மீது மோதினார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த வழக்கில் ஆர்வமில்லை. தோண்டினவர்கள் மாஸ்லோவின் பெயரைப் படித்துவிட்டு, மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அந்த நேரத்தைத்தான் நினைத்துப் பார்க்கிறேன்.

குடை விரிந்து உயிரோடு இறங்கியவர்கள் கதை இன்னும் சிக்கல். 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் போட்ட 270ஆம் எண் உத்தரவு, சரணடைகிற தளபதிகளைத் துரோகிகளாக நடத்தச் சொன்னது. பிடிபட்டுத் திரும்பி வந்த எல்லார்மீதும் அந்த நிழல் விழுந்தது. மிகாயில் தெவ்யதாயெவ் என்ற போர்விமானி பேனமுண்டேயில் கைதியாக இருந்து, 1945 பிப்ரவரி 8 அன்று ஜெர்மானியர்களின் ஹைன்கெல் குண்டுவீச்சு விமானத்தையே எடுத்துக்கொண்டு இன்னும் ஒன்பது கைதிகளோடு பறந்து தப்பினார். வேறெந்த நாட்டிலும் மறுநாளே மாலை விழுந்திருக்கும். இவரை விசாரித்தார்கள், வருடக்கணக்கில் உருப்படியான வேலை கொடுக்காமல் ஒதுக்கினார்கள். வீரப் பட்டம் வந்தது 1957இல். அவரைப் பற்றித் திமூர் பெக்மாம்பெடோவ் எடுத்த படமும் 'நெபோ' வந்த அதே 2021இல்தான் வந்தது. ஒரே வருடத்தில் ஒன்று செத்த விமானிக்கு, ஒன்று சாகாத விமானிக்கு.

சாகாத விமானியின் அவமானத்தைத் துணிந்து முதலில் தொட்டவர் க்ரிகோரி சுக்ராய். 1961இல் வந்த அவருடைய 'தெளிந்த வானம்' படத்தில் அஸ்தாஹோவ் என்ற விமானி இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மனைவி சாஷா நம்பாமல் காத்திருக்கிறாள். போர் முடிந்ததும் அவன் வந்து நிற்கிறான், முகத்தில் தழும்போடு, ஜெர்மானியர் சிறையிலிருந்து. கட்சியிலிருந்து நீக்குகிறார்கள், விமானத்தைத் தொட விடுவதில்லை. இறந்தவனாக இருந்தவரைக்கும் அவன் வீரன். திரும்பி வந்ததுதான் குற்றம். ஸ்டாலின் சாகிறார், ஆற்றில் பனி உடைந்து ஓடுகிறது, அவனுக்கு நட்சத்திரம் திரும்பக் கிடைக்கிறது. பனி உடைகிற உவமை அன்றைக்கே கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கதவைத் திறந்ததும் அந்தப் பெண் முகத்தில் வருகிற சந்தோஷமும், அதற்குப் பின்னாலேயே வருகிற பயமும் பொய்யில்லை.

நான் அதிகம் தடவை பார்த்த விமானிப் படம் லியொனித் பைகோவுடையது. 1973இல் கீவ் நகரின் டோவ்சென்கோ ஸ்டுடியோவில் எடுத்தது, 'வயசாளிகள் மட்டுமே சண்டைக்குப் போகிறார்கள்' என்று தலைப்பை மாற்றிச் சொல்லலாம். வயசாளிகள் என்றால் இருபதைத் தாண்டியவர்கள். பைகோவே கேப்டன் தித்தாரென்கோவாக நடித்தார், எல்லாரும் 'மாயெஸ்த்ரோ' என்று கூப்பிடுகிற, தன் படைப்பிரிவைப் பாட்டுக் குழுவாக மாற்றி வைத்திருக்கிற ஆள். பைகோவுக்கு விமானியாக வேண்டும் என்றுதான் ஆசை. குள்ளம் என்றும் வயது போதாது என்றும் கழித்துவிட்டார்கள். பிறகு கார்கிவ் நாடகக் கல்லூரியில் படித்து நடிகரானார். பழைய போர்விமானங்கள் கிடைக்காததால் யாக்-18 விளையாட்டு விமானங்களுக்கு வண்ணம் பூசிப் பறக்கவிட்டார். போர்க்காலச் செய்திப்படத் துண்டுகளோடு ஒட்ட வேண்டும் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார்.

அந்தப் படத்தில் வானத்தைவிடத் தரை அதிகம். மகாரிச் என்ற மெக்கானிக், அலெக்ஸெய் ஸ்மிர்னோவ் நடித்தது, ஓடுபாதை ஓரத்தில் காத்திருப்பார். போன விமானங்கள் எத்தனை, திரும்பி வந்தவை எத்தனை என்று எண்ணுவதுதான் அவருக்கு வேலை. விழுகிற விமானத்தை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை, மகாரிச்சின் கழுத்து வானத்தை நோக்கித் திரும்பியிருப்பதைப் பார்க்கிறோம். ஸ்மிர்னோவ் நகைச்சுவை நடிகர், பார்த்தாலே சிரிப்பு வரும் உடம்பு. நிஜப் போரில் இருந்து பதக்கம் வாங்கியவர். அந்தக் காத்திருத்தலை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

படைப்பிரிவில் ரோமியோ என்று பட்டப்பெயர் கொண்ட உஸ்பெக் பையன் ஒருவன். பெண்கள் மட்டுமே ஓட்டுகிற இரவு குண்டுவீச்சுப் படையிலிருந்து மாஷா என்ற பெண். கல்யாணம் பேசி முடிக்கிற நேரத்தில் பையன் இறந்துபோகிறான். சேதி சொல்ல மாயெஸ்த்ரோவும் மகாரிச்சும் பெண்களின் விமானத்தளத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மண்மேடு. மாஷாவும் அவளுடைய தோழி ஸோயாவும் அதற்குள். சேதி கொண்டுபோன இடத்தில் கேட்பதற்கு ஆளில்லை. இருவரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்கள் ஓட்டிய பொ-2 விமானம் மரமும் துணியுமாகச் செய்த இரட்டை இறக்கை வண்டி. 1944 வரைக்கும் பாராசூட் இல்லாமலேயே அதில் பறந்தார்கள். குடையின் எடைக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் குண்டு ஏற்றலாம்.

பைகோவ் 1979 ஏப்ரலில் கார் விபத்தில் இறந்தார். ஸ்மிர்னோவ் அடுத்த மாதம். ஜூலையில் இன்னொரு கார் விபத்து, அதில் போனவர் இயக்குநர் லரிஸா ஷெபித்கோ, 41 வயது. பைகோவும் ஷெபித்கோவும் பிறந்தது தொனெத்ஸ்க் பகுதியில்தான். அவர் ஸ்லாவியான்ஸ்க் பக்கத்துக் கிராமத்தில், இவர் பக்முத்தில். பக்முத் என்ற பெயரை உலகம் இப்போது வேறு காரணத்துக்காகத் தெரிந்துவைத்திருக்கிறது.

ஷெபித்கோவின் 'சிறகுகள்' 1966இல் வந்தது. எடுத்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நதேஷ்தா பெத்ரூஹினா, நாற்பதைத் தாண்டியவள், போரில் விமானம் ஓட்டியவள், இப்போது ஒரு தொழிற்பள்ளியின் தலைமை ஆசிரியை. மாயா புல்ககோவா நடித்தார். தொடக்கத்தில் தையல்காரர் அவளுக்குக் கோட் அளவு எடுப்பார். அந்த உடம்புக்கு எந்த அளவும் சரியாக வராது என்று நமக்கு அப்போதே தெரிந்துவிடும். நடையில் ராணுவம், பேச்சில் கட்டளை. வளர்ப்பு மகள் அவளிடம் சொல்லாமலே கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். மாணவன் ஒருவன் அவளை வெறுக்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். ஊர் அருங்காட்சியகத்தில் அவளுடைய இளவயதுப் படம், இறந்துபோன தோழர்களின் படங்களுக்கு நடுவில். ஒருநாள் அவள் அங்கே நிற்கும்போது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். வழிகாட்டி விளக்குகிறார். ஒரு சிறுமி அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்கிறாள்: பெத்ரூஹினா செத்துப்போயிட்டாங்களா? ஆள் அங்கேயே, கைப்பையோடு நிற்கிறாள்.

இந்தக் கேள்விக்கு எதிரே மற்ற விமானிப் படங்களை எல்லாம் நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. சிறுமி தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர்கள் செத்தவர்கள் என்பதுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பெத்ரூஹினா மழையில் தெருவில் நிற்கும்போது நினைவு வருகிறது. மித்யா என்று ஒரு விமானி, அவள் காதலித்தவன். இருவரும் ஒன்றாகப் பறக்கிறார்கள். அவன் விமானம் அடிபட்டுப் புகையோடு கீழே போகிறது. அவள் தன் விமானத்தில் அவனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறாள். கூப்பிட முடியாது, பிடிக்க முடியாது, கூடவே இறங்கலாம், கொஞ்ச தூரம்வரை. இசை முழங்கவில்லை, கொடி இல்லை. ஒரு விமானம் விழுகிறது, இன்னொன்று அதை விட்டுப் போக மனமில்லாமல் வட்டமிடுகிறது. ஷெபித்கோ அதை அவசரப்படுத்தவே இல்லை. 'நெபோ' மாதிரிப் படங்களில் விழுகிற நேரம் மிகக் குறைவு. வெடி, தீ, குடை, துப்பாக்கி, உடனே கண்ணீர். ஷெபித்கோ அந்த நேரத்துக்கு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார், முப்பது வயது ஆவதற்கு முன்னால்.

வானம் என்று தலைப்பு வைத்தால் கீழே நிலம் இருக்கிறது என்பது மறந்துபோகிறது. அந்த மலையில் இருந்தவை துருக்மன் கிராமங்கள். அவற்றின்மீது ரஷ்ய விமானங்கள் குண்டு போடுகின்றன என்று துருக்கி ரஷ்யத் தூதரைக் கூப்பிட்டுப் பேசியது நவம்பர் 20 அன்று, நாலு நாளுக்கு முன்னால். குடையில் தொங்கியவரைச் சுட்டது குற்றம், அதில் ஆனால் என்ற வார்த்தைக்கு இடமில்லை. சுட்டவர்கள் அதுவரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது எதை என்று காட்டினால் அந்தக் குற்றம் குறைந்துவிடாது, கதைக்குத்தான் கனம் கூடும். தேசபக்திப் படம் அந்தக் கனத்தைத் தூக்காது. கேமரா விமானி அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் கிராமம் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி.

பெஷ்கோவ் அல்தாய் பகுதிக் கிராமத்துப் பையன். விமானம் ஓட்டப் படித்தது கார்கிவ் நகரில். அந்த விமானப் பள்ளியை முடித்தது 1991இல், சோவியத் ஒன்றியம் முடிந்த அதே வருடம். அந்த வருடம் சிறகுச் சின்னம் குத்திக்கொண்ட பையன்கள் ஒரே மைதானத்தில் நின்றிருப்பார்கள், சில மாதத்துக்குள் வெவ்வேறு நாடுகளின் ராணுவத்துக்குப் பிரிந்துபோயிருப்பார்கள். பைகோவ் நாடகம் படித்த கார்கிவும் அதுதான். 'நெபோ' வெளியாகி 98 நாளில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது, கார்கிவ்மீது வானத்திலிருந்து குண்டு விழ ஆரம்பித்தது. படத்தைப் பார்த்துவிட்டு அழுதவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வந்த துக்கம் நிஜம். அழுது முடித்துத் தலையை நிமிர்த்தியபோது அந்த அழுகையை யார் கையில் எடுத்துக்கொண்டார் என்பது வேறு கேள்வி.

இறந்த பெஷ்கோவுக்கு வீரப் பட்டம், விமானம் விழுந்த மறுநாளே அறிவிக்கப்பட்டது. அவர் முகம் எல்லாருக்கும் தெரியும். உயிர் மிஞ்சிய நேவிகேட்டரும் அதே நாள், மீட்கப்பட்ட கொஞ்ச நேரத்தில், தளத்தில் வைத்துப் பத்திரிகையாளர்களிடம் பேசினார். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, ரேடியோவிலும் இல்லை, கண்ணாலும் பார்க்கவில்லை என்றார். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார். அந்தப் பதிவு இன்னும் பார்க்கக் கிடைக்கிறது. கடைசியாகப் பக்கத்து இருக்கையில் பெஷ்கோவைப் பார்த்த மனிதர் அதில் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். பேசும்போது தோள் மட்டும் லேசாக அசைகிறது.